காவேரியின் சுண்டுவிரலும் முகூர்த்தப் புடவையும்

பக்கத்து வீட்டுக் காவேரிக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம் என்று யாராவது சொன்னால், "கொஞ்சமா?" என்று கேட்பார் அவள் கணவர் சிவராஜ். இரண்டு பேருமே தறி நெய்கிறவர்கள். மகள் ஏலவார்குழலியின் முகூர்த்தப் புடவையைத் தொடக்கம் முதல் முந்தானை வரை தன் கையாலேயே நெய்வதாகக் கோயிலில் வேண்டிக்கொண்டிருந்தாள் காவேரி.

கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. பத்திரிகை அடிக்கும் அச்சகத்திலிருந்து போன் வந்ததென்று தறிக்கு அடியில் கால் வைத்து மிதிக்கும் குழியிலிருந்து அவசரமாக ஏறியவள், கல் விளிம்பில் காலை இடித்துக்கொண்டாள். வலது கால் சுண்டுவிரல் முறிந்துவிட்டது. டாக்டர் அதைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, ஒரு வாரம் படுத்திருக்கச் சொன்னார். அப்புறமும் வீட்டுக்குள்ளேயே கெட்டியான செருப்பு போட்டுத்தான் நடக்க வேண்டுமாம்.

"நீ படுத்துக்கினு இரு. மிச்சம் மூணு முழத்த நான் நெய்ஞ்சுடறேன்," என்றார் சிவராஜ்.

"தொட்டீங்கன்னா பாருங்க! கை மாறினா புடவையில கோடு விழும்."

ஒரு வாரம் தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு, கணவர் தன் தறியில் வேறு புடவை நெய்யும் சத்தத்தைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். எட்டாம் நாள் புதுச் செருப்போடு வந்தவள் தறி அறை வாசலில் நின்றுவிட்டாள். எங்கள் தெருவில் தறி இருக்கும் இடத்துக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. வெறுங்காலால் மிதிகட்டையை மிதித்துப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்காக விடுவாளா? டிசைனுக்குத் துளை போட்ட பழைய ஜக்கார்டு அட்டைகளைப் பரணிலிருந்து எடுத்துத் தரும்படி, பார்க்கப் போயிருந்த என்னிடம் சொன்னாள். மூன்றை அடுக்கித் தைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, செருப்பு மாதிரி பாதத்துக்கு அடியில் வைத்துத் துணியால் கட்டினாள்.

"இது தறியோட பொருளு. இதுக்கு யாரு இன்னா சொல்றது?" என்றாள்.

தினம் ஒரு மணி நேரம் நெய்துவிட்டுப் படுத்துவிடுவாள். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் புடவையை முடித்துத் தறியிலிருந்து அறுத்தெடுத்தாள். வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிப்போனது. ஒரு வாரம் அவள் தறி நின்ற இடத்தில் மெல்லிய கோடு ஒன்று விழுந்திருந்தது. வேறு கை படவே இல்லை, ஆனாலும் கோடு.

ஏலவார்குழலி அந்தக் கோட்டைத் தடவினாள். "இங்கதான் உன் விரல் ஒடஞ்சுச்சாம்மா?"

"ஆமாண்டி. முதுகுப் பக்கம் தள்ளிக் கட்டிக்கோ, யாருக்கும் தெரியாது."

முகூர்த்தத்தன்று மணமேடைக்கு வந்த பெண்ணைப் பார்த்தேன். அந்தக் கோட்டை நெஞ்சுக்கு நேராக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கட்டியிருந்தாள். காவேரி அட்டை கட்டிய காலோடு மேடை ஓரத்தில் நின்று வாய்விட்டு அழுதாள்.