ஜட்காவில் படித்த இங்கிலீஷ்

அப்பாவின் ஜட்காக் குதிரை சாட்டையடி அறியாதது. முதல் ஓசையை அழுத்தி அடுத்ததைத் தளரவிட்டு, ‘ஹை...யா’ என்று அப்பா குரல் கொடுத்தால் போதும், பாயும். மயிலாப்பூர்க் குளத்தங்கரை வண்டிக்காரர்களிடம் அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். இங்கிலீஷ் வாத்தியார் கூட்டுச் சொற்களைப் பலகையில் இரண்டாக வெட்டி எழுதினார்: ரெயில், வே, போஸ்ட், மேன். “முன்பாதியை அழுத்திச் சொல்லு, பின்பாதியைத் தளர விடு. ரெண்டையும் சமமா இழுத்தா, பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வர்ற இன்ஸ்பெக்டர் சிரிப்பார்” என்றார். இன்ஸ்பெக்டர் முன்னால் சரியாகப் படித்தால், பள்ளிக்குக் கட்டும் சம்பளத்தில் சலுகை. இல்லாவிட்டால் மாமாவின் புல்லுக்கடைதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

தியாகராய நகரிலிருந்த பள்ளிக்கு அப்பாவின் வண்டியிலேயே போவேன். வீணை சொல்லித்தரும் மாமி ஒருவரும் அந்தச் சவாரியில் தினமும் வருவார். ஒரு நாள் காலை, முன்பலகையில் உட்கார்ந்து “ரெயில்-வே!” என்று முன்பாதியை ஓங்கி அழுத்தினேன். குதிரை பாய்ந்தது. அப்பா இழுத்து நிறுத்துவதற்குள் “போஸ்ட்-மேன்!” என்றேன். மறுபடி பாய்ந்தது.

வீணையைக் கட்டிக்கொண்டு மாமி கத்தினார்: “ஏம்ப்பா, உம் பிள்ளை பாடம் படிக்கிறானா, குதிரையை விரட்டறானா? வீணை உடைஞ்சா உன் குதிரையா வந்து வாசிக்கும்? நாளைலேர்ந்து வேற வண்டி பாத்துக்கறேன்!”

“கோச்சுக்காதீங்கம்மா, நாளைக்கு ஒரு நாள் பாருங்க” என்றார் அப்பா. நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். “நீ இன்னாத்துக்கு நிறுத்துன நைனா? உன் பாட்டுக்குப் படி” என்றார் என்னிடம்.

மறுநாள் குதிரையின் காதுகளில் பஞ்சு அடைத்திருந்தது. நான் எவ்வளவு கத்தியும் அது அசையவில்லை. அப்பாவின் குரலும் அதற்குக் கேட்கவில்லை. அவர் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, தியாகராய நகர் வரை வெயிலில் நடந்தார். மாமி நிம்மதியாகக் கண்ணயர்ந்தார். எதிரே வந்த வண்டிக்காரர் ஒருவர், “இன்னாபா, குதிரை உன்ன ஓட்டிக்கினு போவுதா?” என்று சிரித்தார்.

“காலு மரத்துப்போச்சு. நடந்தா சரியாப்பூடும்” என்றார் அப்பா. இன்ஸ்பெக்டர் வரும்வரை தினமும் அப்படியே நடந்தார்.

நான் ஒரு சொல்லும் பிசகாமல் படித்தேன். சலுகையும் கிடைத்தது. அன்று சாயங்காலம் அப்பா பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பழையபடி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஒருவழியாகக் கால் சரியாகிவிட்டது என்று எனக்கு அதில் தனிச் சந்தோஷம்.