மகாராணியின் இரண்டாவது லைன்

கம்பளிச் சட்டையின் பொத்தானைக்கூட அவிழ்க்காமல் மகாராணி நேரே பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய்க் குனிகிறாள். கையெழுத்துப் போடுவது, குடையை மூலையில் சாய்ப்பது, யாருக்காவது வணக்கம் சொல்வது எல்லாம் அப்புறம்தான். அந்த இடுக்கில் ஒரு பழைய ஸ்டூலின் மேல் மோடம் உட்கார்ந்திருக்கிறது. அதில் எரியும் விளக்குகளை, காய்ச்சல் கண்ட பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு நிமிர்ந்து, வங்கி முழுக்கக் கேட்கும்படி, "எல்லாம் பச்சைதாங்க, ஆரம்பிக்கலாம்" என்கிறாள். ஏதாவது ஒன்று சிவப்பாக இருந்தால் பேச்சு ஒரே சொல்லில் முடிந்துவிடும்: "படுத்துட்டான்."

மோடம் அவளுக்கு 'அவன்'. கம்ப்யூட்டர் 'அது'. மேனேஜர் சிவராமன் 'சார்'. மூவரில் மோடத்தை மட்டும்தான் வாய்விட்டுத் திட்ட முடியும் என்பதால், மூவருக்கும் உரியதை அவனே வாங்கிக்கொள்கிறான்.

கொடைக்கானலில் ஏரிக்கு இறங்கும் சரிவில் இருக்கிறது அந்த வங்கிக் கிளை. மகாராணி அங்கே எழுத்தர். எல்லாக் கிளைகளையும் சென்னையோடு வயர் போட்டு இணைத்த வருஷம், கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்திருந்த ஒரே குற்றத்துக்காக, 'சிஸ்டம் பார்த்துக்கிற' சோலியும் அவள் தலையில் வந்து விழுந்தது.

அப்பா அழகுமலை இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்து, பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் கூலியாக இருந்தவர். வாழ்நாளெல்லாம் 'ஏய்' என்று கூப்பிடப்பட்ட மனிதர். மகள் பிறந்ததும், "தொரையோ கணக்கப்பிள்ளையோ, எவன் வந்தாலும் எம் மகளை மகாராணின்னுதான் கூப்பிட்டாகணும்" என்று பேர் வைத்துவிட்டார். டெலிபோனில் அந்தப் பேர் படப்போகிற பாட்டை அவர் யோசிக்கவில்லை.

"கொடைக்கானல்லேருந்து மகாராணி பேசுறேங்க. லைன் போயிருச்சு."

சென்னையில் புகார் எடுக்கிற பையன் கொஞ்சம் தயங்குவான். "யாரு?"

"மகாராணி."

"மேடம், விளையாடாதீங்க. நிறையப் பேர் வெயிட் பண்றாங்க."

அங்கே ஆள் மாறும்போதெல்லாம் இது முதலிலிருந்து நடக்கும். ஆள் மாறுகிற அளவுக்கு அடிக்கடி லைனும் போனது. மலைப்பாதையில் மரம் விழுந்தால் போகும். மண் சரிந்தால் போகும். மேலே மேகம் இறங்கினால்கூட அதற்கு மரியாதை செய்வதுபோல ஒரு தரம் போய்விட்டு வரும். வங்கியில் பணம் இருக்கும், ஆட்கள் இருப்பார்கள், யாரும் யாருக்கும் எதுவும் தர முடியாது. சிவராமன் குரங்குக் குல்லாயோடு தம் அறையிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "வந்துருச்சா?" என்பார். பழனிக்காரர். மாற்றல் கேட்டுக் காத்திருப்பவர். மலையில் நடக்கும் எதுவும் குளிரினால்தான் நடக்கிறது என்பது அவருடைய கட்சி. பெஞ்சில் காத்திருப்பவர்கள் தங்கள் பங்குக்கு, "மகாராணி ஆட்சியில ஒண்ணும் கெடைக்காதுப்பா" என்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு மோடத்தின் பக்கம் திரும்பி, "கேட்டியா, உன்னாலதான்" என்பாள்.

இரண்டாவது லைன் வேண்டும் என்று சென்னையோடு அவள் சண்டை போட்ட கதை தனி. வீட்டில் அம்மா வீரம்மா, "யாரோட இப்படிக் கதைச்சுக் கதைச்சுத் தொண்டையைக் கட்டிக்கிற?" என்று சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுப்பாள். ஒரு வழியாக மதுரையிலிருந்து குமரகுரு என்கிற இன்ஜினியர் பெட்டியோடு வந்தான். மலை வளைவுகளில் வயிறு புரண்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடியே இறங்கினான். முன் ஜன்னல் வழியாக ஏற்கனவே ஒரு வயர் போயிற்று. பின்பக்கம் காற்றுப்போக்கி வழியாக இன்னொன்று வந்தது.

"மெயின் லைன் போச்சுன்னா, இது தானாவே டயல் பண்ணி எடுத்துக்கும். நீங்க ஜாலியா டீ குடிக்கப் போயிடலாம்."

"எங்க, மெயினைப் புடுங்கிக் காட்டுங்க."

குமரகுரு மேனேஜரைப் பார்த்தான். சிவராமன் ஓடி வந்து மோடத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றார். "நல்லா ஓடிக்கிட்டிருக்கிறதை எதுக்கும்மா புடுங்கணும்? திரும்ப வரலைன்னா? நீயா மேலிடத்துக்குப் பதில் சொல்லுவ?"

மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் குமரகுருவும் மேனேஜர் பக்கமே சேர்ந்தான். புடுங்காமலே வேலை முடிந்தது.

மகாராணிக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் புது மோடத்தில் எரிந்த பச்சையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள் ஒரு பெருமை ஊறிவிட்டது. கவுண்டருக்கு வருகிறவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடமும், "இனிமே லைன் போகாதுங்க, ரெண்டு போட்டாச்சு" என்றாள். அப்படிக் கேட்டுப் போனவர்களில் ஒருத்தி வடகவுஞ்சி குப்பம்மாள். பூண்டு போடுகிற குடும்பம். மகள் ஜெயப்பிரியாவுக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமை டிராஃப்டைக் கொண்டுபோய்க் கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். டெபாசிட்டோ வெள்ளிக்கிழமைதான் முதிர்கிறது.

"முன்னாடியே ஒடைச்சு எடுத்துரவாம்மா? வட்டி போனாப் போகுது. கடைசி நாள்னா பயமா இருக்கு."

"எதுக்குங்க வட்டியை விடணும்? வெள்ளிக்கிழமை வெள்ளனே வாங்க. நான் இருக்கேன்."

வெள்ளிக்கிழமை காலை ஒரு காட்டுமாட்டுக்கு முதுகு அரித்தது.

நல்ல வளர்ந்த மாடு. மார்க்கெட்டுக்குப் பின்னால் சாவகாசமாக மேய்ந்துவிட்டு, அங்கே நின்ற ஒரு டெலிபோன் கம்பத்தில் முதுகைத் தேய்த்திருக்கிறது. மழையில் ஊறிய கம்பம். மாட்டுக்கு அரிப்பு தீருவதற்குள் கம்பம் சாய்ந்துவிட்டது.

மகாராணி குனிந்து பார்த்தாள். பழையவன் சிவப்பு. சரி, எதிர்பார்த்ததுதான். புதியவனைப் பார்த்தாள். அவனும் சிவப்பு. "ரெண்டு பேருமா?" என்று அவள் கேட்டது ஏதோ துரோகத்தைக் கண்ட குரலில் இருந்தது.

பெஞ்சில் குப்பம்மாளும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயப்பிரியா புதுச் செருப்பு போட்டிருந்தாள். குப்பம்மாள் மகாராணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

மகாராணி குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முன் ஜன்னல் வயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டே நடந்தாள். அது தபால் ஆபீஸ் பக்கம் இறங்கியது. பின்பக்க வயர் பேக்கரிக் கூரைக்கு மேலே போயிற்று. பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு திசையில் முறைத்துக்கொண்டு போன இரண்டும், மார்க்கெட்டுக்குப் பின்னால் அந்த ஒரே கம்பத்தில் போய் ஒன்றாகக் கட்டிக்கொண்டு கிடந்தன. பக்கத்தில் மாடு அசைபோட்டுக்கொண்டு நின்றது.

அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அப்புறம் குப்பம்மாள் ஞாபகம் வந்து அதுவும் நின்றது. லைன் போகாது என்று சொன்னது தன் வாய். கம்பம் வரைக்கும் ஒரு நடை வந்து பார்க்காதது தன் கால்.

செல்போனில், மலையில் கொஞ்சம் கீழே இருக்கும் பண்ணைக்காட்டுக் கிளையைக் கூப்பிட்டாள். அங்கே லைன் இருந்தது; சென்னையோடு சேர்ந்த எந்தக் கிளையிலும் குப்பம்மாளின் டெபாசிட்டை எடுக்கலாம். திரும்பி வந்து குப்பம்மாளிடம், "எந்திரிங்க, ஜீப்ல போயிரலாம்" என்றாள்.

"ஆபீஸ் நேரத்துல எங்கம்மா கெளம்பிட்ட?" என்றார் சிவராமன்.

"நான் வரச் சொல்லித்தான் சார் அவங்க வந்தாங்க."

"நீ போயிட்டா இங்க யாரு பாக்கிறது?"

"எதைங்க சார் பாக்கணும்?"

சிவராமன் இரண்டு சிவப்பு விளக்குகளையும் பார்த்தார். "குளிருக்கு ஏதாவது போத்திக்கிட்டுப் போ" என்றார்.

காரட் மூட்டைகளுக்கு நடுவில் மூவரும் உட்கார்ந்து இறங்கினார்கள். வழியெல்லாம் ஜீப் நின்று நின்று மூட்டை இறக்கியது. பண்ணைக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கவுண்டர் மூடுகிற நேரம். அங்கிருந்த கேஷியர், "நாளைக்கு வாங்களேன்" என்றதுதான் தாமதம், மகாராணி கவுண்டருக்குள்ளேயே போய் நின்றுகொண்டாள். டிராஃப்ட் அச்சாகி வந்தபோது குப்பம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கி, மகளிடம் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் திட்ட ஆரம்பித்தாள். "ரெண்டு லைனு கெடக்கு, ரெண்டு லைனு கெடக்குன்னு சொன்னியே தாயி! என் உசிரு போயி வந்துச்சே!" மகாராணி கடைசிவரை நின்று கேட்டுக்கொண்டாள். திட்டி முடித்த கையோடு குப்பம்மாளே மூவருக்கும் டீ வாங்கித் தந்தாள்.

திங்கட்கிழமை சென்னைக்குப் போன் போட்டபோது, முதல் தடவையாக அந்தப் பையன் பேரை இரண்டாம் முறை கேட்கவில்லை. அவள் குரல் அப்படி. அடுத்த மாதம் குமரகுரு மறுபடி எலுமிச்சம்பழத்தோடு வந்தான். இந்தத் தடவை வயரே இல்லை. மொட்டை மாடியில் ஒரு பெரிய வட்டத்தட்டு, நேரே செயற்கைக்கோளைப் பார்த்து. மறுநாளே அதில் ஒரு குரங்கு பீடத்தில் அமர்ந்த சாமிபோல உட்கார்ந்துகொண்டது; கம்பிவலை அடித்தார்கள். கொஞ்சம் மெதுவான லைன்தான். "வானத்துக்குப் போயிட்டுல்ல வரணும், பாவம்" என்று மகாராணி அதற்குப் பரிந்து பேசினாள்.

ஆனால் தட்டு வைத்த அன்றைக்குக் குமரகுருவை அவள் பஸ்ஸுக்கு விடவில்லை. அவன் பெட்டியைத் தன் மேஜைக்கடியில் தள்ளி வைத்துக்கொண்டாள். கவுண்டரில் நல்ல கூட்டம்.

"சார், இப்ப மெயினைப் புடுங்கட்டுங்களா?"

சிவராமன் அறையைவிட்டு வெளியே வந்தார். இந்தத் தடவை கையை விரிக்கவில்லை. மோடத்துக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். உதடுகள் பழனியாண்டவரைக் கூப்பிட்டன.

அவருக்குக் காதுமட்டும் திறந்திருந்தது. பிரிண்டர் கரகரத்தது. யாரோ கிழிந்த நோட்டுக்காகக் கேஷியரோடு வாதாடினார்கள். பாஸ்புக் பதிந்து வாங்கிய ஒருவர் செருப்பைத் தேடினார்.

"என்னம்மா, புடுங்கிருவியா மாட்டியா? வெரசா முடி. நெஞ்சு படபடங்குது."

"புடுங்கி ஒரு டீ குடிக்கிற நேரம் ஆச்சு சார்."

சிவராமன் ஒரு கண்ணைத் திறந்தார். திரைகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. குமரகுரு எல்லாருக்கும் முந்திப் பெருமூச்சு விட்டான். வரிசையில் நின்ற ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவு பெரிய காரியத்தை ஒருத்தரும் கவனிக்காததில் மகாராணிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கையில் தொங்கிய வயர் நுனியை எங்கே வைப்பது என்று சுற்றும் பார்த்தாள். பிறகு அதை மேனேஜரின் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் பத்திரமாகச் செருகிவிட்டு, "அடுத்தாளு வாங்க" என்று கவுண்டருக்குப் போனாள்.