பள்ளம் என்று சொன்னது யார்?

பேய், பிசாசு, முனி என்று எதையும் நான் நம்பியவன் இல்லை. நம்பாதது மட்டுமா, அதை வைத்துப் பிழைத்தவன். சனி ஞாயிறானால் மதுரை, கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகளை எங்கள் ஊர் வழியாக மலையிறக்கிக் கூட்டிப்போவது என் சோலி; மற்ற நாளில் காப்பியும் மிளகும். கூடாரம் போட்டு நெருப்பு மூட்டிவிட்டால் போதும், "அண்ணா, இங்க பேய்க் கதை ஏதாச்சும் இருக்கா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். நானும் தலையில்லாத துரை குதிரையில் வருவான், கொலுசுச் சத்தம் கேட்கும் என்று வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிடுவேன். பாதிப் பேர் அப்புறம் ஒன்றுக்குப் போகக்கூட வெளியே வர மாட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள் என எனக்குள் சிரித்துக்கொள்வேன். ஆனால் இப்போது சொல்லப்போவதை அந்த நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாளும் நான் சொன்னதில்லை. நீங்களும் நம்புவீர்கள் என்று நினைத்துச் சொல்லவில்லை. எனக்கு நடந்தது, சொல்கிறேன்.

எங்கள் ஊர் அய்யம்பாளையத்துக்கு நேர் மேலே, மலை மடிப்புக்குள் இருக்கிறது. தெளிவான நாளில் மருதாநதி அணைத் தண்ணீர் கீழே தகரம் மாதிரி மின்னும். ஊருக்கு ஒரு ஜீப் பாதை உண்டு, சுற்றிக்கொண்டு போகும். நடந்து இறங்கினால் சோலைக்காட்டுக்குள் நுழைந்து, கெவி என்று நாங்கள் சொல்கிற ஆழமான மலைப்பள்ளத்தின் ஓரமாகவே ஒற்றையடிப் பாதையில் போய் அடிவாரத்தைத் தொடலாம். நான் ஆட்களைக் கூட்டிப்போவது அந்த வழிதான். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்த வழி.

என் தங்கச்சி செல்வியை ஆயக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குக் கொய்யா வியாபாரம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நாள் நெருங்கும்போது கீழே அய்யம்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று இருந்தோம். மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்பார்கள். எங்களுக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன. விடாமல் அடித்த மழையில் ஜீப் பாதையில் மண் சரிந்து, மரமும் விழுந்து கிடந்தது. அன்றைக்குப் பார்த்து வெள்ளனே அவளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று போன தடவை ஸ்கேனிலேயே சொல்லியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்க்கிற கதை இல்லை. சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், அடிவாரத்தில் நிற்பதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளைக்கும் சொல்லியாயிற்று. இனி அவளைக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பாடு.

எங்கள் பக்கம் நோயாளியை இறக்குவது டோலியில்தான். நீளமான கம்பில் கம்பளியைத் தொட்டில் மாதிரிக் கட்டி ஆளைப் படுக்கவைத்து, மழைக்கு மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிடுவோம். முன்னால் இருவர், பின்னால் இருவர். அன்றைக்கு முன்கம்பில் நான், எனக்கு அடுத்து என் கூட்டாளி பாண்டி. பின்னால் தவசி சித்தப்பா, கடைசியாக அவர் மச்சினன் செல்லையா. அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் மெதுவாகப் பின்னால் வருவதாக ஏற்பாடு.

இதில் ஒரு முறை உண்டு. பின்னால் பிடிக்கிறவர்களுக்குத் தொட்டில் மறைக்கும், கால் வைக்கிற இடம் தெரியாது. அதனால் முதல் ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். வேர் இருந்தால் 'வேரு', பாசி இருந்தால் 'வழுக்கு', அப்புறம் 'மேடு', 'பள்ளம்'. சொன்னதைப் பின்னால் இருப்பவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாமல் முன்னால் இருப்பவன் அடுத்த எட்டு வைக்கக் கூடாது. இன்னொன்று, 'பள்ளம்' என்று எவர் வாயிலிருந்து வந்தாலும் நாலு பேரும் நின்ற இடத்தில் நின்றாக வேண்டும். ஏன் என்று கேட்பதெல்லாம் பிறகுதான்.

கிளம்பும்போது பாண்டி சும்மா இல்லை. "ஏ செல்வி, ஆயக்குடிக் கொய்யாவ அம்புட்டையும் நீயே தின்னியாக்கும்? இந்தக் கனம் கனக்கிற!"

"எறங்குனதும் ஒனக்கு இருக்குண்ணே" என்று உள்ளேயிருந்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏலே, வாய்க்கு வேல குடுக்காத, காலுக்குக் குடு" என்றார் சித்தப்பா.

சோலை தாண்டுகிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நான் 'வேரு' என்பேன், சித்தப்பா 'வேரு' என்பார். கெவி ஓரத்துக்கு வந்ததும் கீழேயிருந்து மஞ்சுப் பனி ஏறியது. ஏறியது என்றால் சும்மா இல்லை, அடுப்பில் ஈர விறகைத் திணித்த மாதிரிக் கெட்டியாக வந்து மூடிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. நிற்கவும் வழியில்லை. காலால் தடவித் தடவி ஒவ்வொரு எட்டாக வைத்தேன். செல்வியிடமிருந்து முனகல்கூட இல்லை. "செல்வி, எப்பிடி இருக்கே?" என்று கேட்டேன், பதில் இல்லை. வலிக்கு நடுவில் கண் அசந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் அது ஆரம்பித்தது. 'வேரு' என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. நான் இன்னும் சொல்லவில்லை. அடுத்த எட்டில் என் கால் வேரில் இடித்தது. சரி, சித்தப்பா நடந்து பழகிய வழி, கணக்காகச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். மறுபடி 'வழுக்கு' என்றது. கால் வைத்தால் பாசி. அப்புறம் 'மேடு'. நான் வாய் திறப்பதற்குள் எல்லாம் பின்னாலிருந்தே வந்துகொண்டிருந்தது, ஒன்றுகூடப் பிசகவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது பயமில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. சொல்லச் சொல்ல நடந்தேன்.

ஓரிடத்தில் 'பள்ளம்' என்றது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த இடம் எனக்கு அத்துப்படி. பாதை அகலமாக, சமதரையாக இருக்கும், கூட்டிவருகிற பிள்ளைகள் நின்று போட்டோ எடுப்பதே அங்கேதான். அங்கே ஏது பள்ளம்? பெரிய மனுஷன் தடுமாறுகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் முறை முறைதானே, நின்றேன். கையில் ஊன்றி வந்த தடியை முன்னால் நீட்டித் தரையைத் தட்டினேன். தட்டுப்படவில்லை. இன்னும் எட்டித் தட்டினேன். தடி காற்றில் ஆடியது. என் காலடியிலிருந்து ஒரு கல் பெயர்ந்து போனது, அது விழுந்த சத்தம் வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. போட்டோ எடுக்கிற இடத்தையே மழை கெவிக்குள் தள்ளிவிட்டிருந்தது. இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் கம்பும் தொட்டிலும் தங்கச்சியும் நாங்களும் சேர்ந்து உள்ளே போயிருப்போம்.

'எடதுல ஏறு' என்றது அதே குரல். இடது பக்கம் வெறும் புதர் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். விலக்கினால், கைவிட்ட காப்பித் தோட்டத்துக்குள் கல் பாவிய பழைய வழி ஒன்று போயிற்று. இத்தனை காலம் வழிகாட்டியாகத் திரிந்தும் எனக்குத் தெரியாத வழி. பின்னால் வருகிற அம்மாவுக்கு அடையாளமாகப் புதரில் என் தலைத்துண்டைக் கட்டிவிட்டு அதில் ஏறி இறங்கினோம். மஞ்சு விலகியபோது அடிவாரத்துத் தென்னந்தோப்பும் ஆம்புலன்ஸும் தெரிந்தன. எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்த மாப்பிள்ளை ஓடிவந்து தார்ப்பாயை விலக்கினார். செல்வி முழித்துத்தான் இருந்தாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் ஒருத்தர் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. வலி என்று நினைத்தோம். அவர்களை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டது.

சித்தப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார். "நல்ல வேளடா, சரியான நேரத்துல பள்ளம்னு கத்துன. இல்லாட்டி இந்நேரம் நம்ம கத முடிஞ்சிருக்கும்."

"நானா? நீங்கதான சித்தப்பா கத்துனீங்க?"

"நான் எங்கடா கத்துனேன்? தொட்டிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமா? நீ சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிக்கிட்டு வந்தேன்."

செல்லையாவைப் பார்த்தேன், அவரும் என் குரல்தான் என்றார். பாண்டியைப் பார்த்தேன். எனக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தவன் அவன், அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் பேசுகிற அவன் தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினான். "விடுறா, வா போவோம்" என்றான். இன்றைக்கு வரைக்கும் அவனிடமிருந்து அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

பிறகு மாப்பிள்ளையிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "மலைன்னா எதிரொலி இருக்கத்தான் செய்யும் மச்சான்."

எதிரொலி பின்னால்தானே வரும் மாப்பிள்ளை, முன்னாலா வரும் என்று கேட்டேன். அதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

பிரசவம் நல்லபடியாக முடிந்தது. வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள், பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். அத்தோடு போயிருந்தால் ஏதோ நல்ல சாமி கூட வந்தது என்று நானும் கும்பிடு போட்டுவிட்டு விட்டிருப்பேன்.

குழந்தையைப் பார்க்க ஆயக்குடிக்குப் போயிருந்தேன். அவளுக்குப் பிடித்த மாதிரிக் காப்பி நானே போட்டு எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள், ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த மாதிரி கேட்டாள். "ஏண்ணே, அன்னைக்கி எம்மேல என்ன கோவம்?"

"கோவமா? எனக்கா?"

"கெவி ஓரத்துக்கு வந்ததுலேர்ந்து ஒருத்தரும் வாயத் தெறக்கலயே. வேரு, வழுக்குன்னு சொல்லிக்கிட்டு வந்தீங்க, அதும் நின்னுபோச்சு. நான் அண்ணே, அண்ணேன்னு தொண்ட கிழியக் கத்துறேன், சித்தப்பாவக் கூப்புடுறேன், ஒருத்தரும் ஏன்னு கேக்கல. தார்ப்பாய்க்குள்ள நான் மட்டும் கெடக்குற மாதிரி இருந்துச்சு."

கனத்தில் எங்களுக்கு மூச்சு வாங்கியது, பேச முடியவில்லை என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நாலு பேரு தூக்குறீங்கன்னு பேரு. ஒரே ஒரு ஆளு நடக்குற சத்தந்தான்ணே எனக்குக் கேட்டுச்சு. வெறுங்காலு. ஈர மண்ணுல சளப்பு சளப்புன்னு, கடைசிவரைக்கும் ஒரு எட்டுகூட வழுக்கல. யாருண்ணே அது, செருப்புகூட இல்லாம வந்தது?"

பாண்டியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். அட்டைக்கடிக்குப் பயந்து அன்றைக்கு நாங்கள் நாலு பேருமே முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தோம் என்பதை இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை.