மஞ்சள் கோடு போட்ட கிளாம்ப்

தம்பி கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரின் மூக்கைக் கழற்றிக் கீழே வைத்தார் என் கணவர்.

மூக்கு என்று நான் சொல்வது எஞ்சினுக்குக் காற்று போகிற வழியை. காரோடு வந்தது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஒரு ஃபில்டர், அதிலிருந்து வளைந்து போகிற ஒரு குழாய். அதை எடுத்துவிட்டு, தனியாக வாங்கின கூம்பு ஃபில்டரும் அகலமான அலுமினியப் பைப்பும் மாட்டினால் டர்போ எஞ்சின் தாராளமாக மூச்சு இழுக்கும் என்பது அவருடைய கட்சி. மூக்கு அடைத்துக்கொண்டதாக அந்தக் கார் எப்போதாவது நம்மிடம் வந்து சொன்னதா என்பது என்னுடைய கட்சி. அந்தச் சாமான்கள் இருந்த பெட்டி பார்சலில் வந்து பீரோ மேல் ஏறி, நான் விடாததால் அங்கேயே கிடந்தது.

நாங்கள் இருவரும் ஒரகடம் பக்கம் வேறு வேறு ஆலைகளில் வேலை செய்கிறோம். நான் கார் பூட்டுகிற லைனில் பரிசோதனையில் இருக்கிறேன், அவர் லாரிகளுக்கு ஆக்சில் பூட்டுகிற இடத்தில் இருக்கிறார். முதலில் ஒரே ஆலையில் பயிற்சியில் இருந்தோம், அங்கே பழக்கம். அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வல்லம் வடகாலில் ஒரு அறையில் கூட்டத்தோடு கூட்டமாகத் தங்கியிருந்தவர். நான் மணிமங்கலம். எங்கள் வீட்டில் சபைக்காரர்கள், அவர் மாதா கோயில். இரண்டும் ஒரே ஏசுதானே என்று வெளியே இருப்பவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நடுவில் எவ்வளவு தூரம் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கல்யாணத்துக்கு வந்தார், ஜெபத்தின்போது கண்ணை மூடினார், சாப்பிட்டார், போனார். அதற்குப் பிறகு என் கணவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. சண்டை இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. எதிரில் உட்கார்ந்திருக்கிறவரைக் காட்டி என்னிடம், "அவருக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துமா" என்பார். இவரும் என்னைப் பார்த்து, "மாமாவுக்குத் தண்ணி வை" என்பார். நடுவில் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி உட்கார்ந்திருப்பேன். சிரித்துக்கொண்டே சொல்கிறேனே தவிர, வருஷக்கணக்காக அது என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

தம்பிக்குத் திங்கட்கிழமை காலை கல்யாணம் என்று முடிவானது. வாடகைக் கார் வேண்டாம், அக்கா கார்தான் வேண்டும் என்று அவன் அடம் பிடித்தான். அப்பா போன் செய்தார்.

"கல்யாணத்துக்கு உன் கார எடுத்துனு வந்துடுமா. நீயே ஓட்டினு வா."

அந்த 'நீயே'யில் இருந்த அழுத்தம் எனக்குப் புரிந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்த பாவத்துக்கு என் கணவருக்கும் புரிந்தது. அவர் முகம் சுருங்கியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். சுருங்கவில்லை.

"மாமா வாய்விட்டுக் கேட்டுட்டாவல்லா. காரு ஜம்முன்னு நிக்கணும்ட்டி" என்றார்.

பத்திரிகை அச்சடித்ததிலோ, பிரியாணிக்கு ஆள் பார்த்ததிலோ, பந்தலிலோ, யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கல்யாணத்தில் அவருடைய கை படக்கூடிய ஒரே பொருள் அந்தக் கார். வெள்ளிக்கிழமை பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தபோது, வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வேலை ஆரம்பித்தது. எங்கள் லேஅவுட்டில் பாதி மனைகளில் இன்னும் வீடு வரவில்லை. ஒரு டிப்பர் லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனால் போதும், துவைத்துக் காயப்போட்ட துணியைத் திரும்ப ஊறவைக்க வேண்டியதுதான். அதனால் பழைய குழாயைப் பிடுங்கின உடனே, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற டர்போவின் வாயில் ஒரு வெள்ளைத் துணியைத் திணித்து அடைத்தார். ஒரு மண்துகள் உள்ளே போனாலும் போச்சு என்று என்னைப் பக்கத்தில் தும்மக்கூட விடவில்லை. பழைய டப்பாவிலிருந்த சென்சாரைக் கழற்றி, புதுப் பைப்பில் அதற்கென்று இருந்த ஓட்டையில் உட்கார வைத்தார். பைப்புகள் சேருகிற இடங்களில் ரப்பர் குழாய். ரப்பரை இறுக்கிப் பிடிக்க வட்டமான கிளாம்ப்புகள்.

அவர் டி ஸ்பேனரால் கிளாம்ப்பை முடுக்குவார். நான் அதன்மேல் மஞ்சள் பெயிண்ட் மார்க்கரால் கோடு இழுப்பேன். மார்க்கர் நான் கடையில் வாங்கினது, ஆலையிலிருந்து வந்ததல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கேஸ் ரெகுலேட்டரிலிருந்து தண்ணீர்க் கேன் வரை என் மஞ்சள் கோடு இல்லாத பொருள் குறைவு. லைனில் அதுதான் வழக்கம். முடுக்கிய போல்ட்டின் மேல் கோடு விழும். கோடு விழுந்த போல்ட்டை அதற்கப்புறம் யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் லைன் லீடர் வந்து ஏன் தொட்டாய் என்று கேட்பார். முடுக்குகிற துப்பாக்கியைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டால் அந்த வேலை முடிந்தது என்று அர்த்தம். நாங்கள் வாய் திறந்து கேட்பதில்லை. கொக்கியைப் பார்ப்போம், கோடு போடுவோம், அடுத்த வண்டி வந்துவிடும்.

பைப் டர்போவோடு சேருகிற கடைசி இடத்துக்கு அவர் வந்தபோது, ஊரிலிருந்து அவருடைய அம்மா போன் செய்தார். அவர் டி ஸ்பேனரைத் துணிக்கொடிக் கொக்கியில் மாட்டிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருப்பக்கம் போனார். நான் கொக்கியைப் பார்த்தேன். கோடு போட்டேன்.

அவர் திரும்பி வந்தார். கோட்டைப் பார்த்தார். பானெட்டை மூடினார்.

ஸ்டார்ட் செய்து தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினோம். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்பக்கத்தில் 'உஸ்ஸ்' என்று காற்றை உறிஞ்சுகிற சத்தம், காலை எடுத்தால் ஒரு குட்டித் தும்மல். எனக்கே பிடித்துப்போயிற்று. அதை அவரிடம் சொல்லி அவருக்குத் தலைக்கனம் ஏற்ற வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்டலத்தில் கார் அலங்காரத்துக்குப் பூக்கடையில் சொல்லியிருந்தார். காரைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் மாலைக்கு அளவு எடுக்க முடியும் என்று கடைக்காரர் சொன்னாராம். நான் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார, அப்பா பின்சீட்டில் ஏறினார்.

"அது இன்னாமா உஸ்ஸுங்குது?" என்று கேட்டார்.

"இவர் புதுசா மாட்டினது. இவரையே கேளுங்கப்பா" என்றேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெயின் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. தாண்டலாம் என்று நன்றாக அழுத்தினேன். முன்னால் 'டப்' என்று ஒரு சத்தம். டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அழுத்த அழுத்த வண்டி பின்வாங்குகிற மாதிரி இருந்தது. பின்னால் வந்த கம்பெனி பஸ் ஹாரனிலேயே எங்களைத் திட்டியது. ஓரம் கட்டினேன். எஞ்சின் நிற்கவில்லை, ஆனால் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்பா பின்சீட்டிலிருந்து முன்னால் குனிந்தார். பிறகு என்னிடம், "வாடக காருக்கு இப்பவே சொல்லிடட்டுமாமா? நாளைக்கு சர்ச்சுக்கு லேட்டாச்சுன்னா நல்லாருக்காது" என்றார்.

போனில் அந்த 'நீயே'யைக் கேட்டபோது சுருங்காத என் கணவரின் முகம் அப்போது சுருங்கிப்போயிற்று. நான் பார்த்தேன். வண்டியைத் திருப்பி, சைக்கிள்களுக்கெல்லாம் வழிவிட்டு, வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

பானெட்டைத் திறந்தோம். சென்சார் வயரை இவர் கழற்றி மாட்டினார். எஞ்சினிலிருந்து ஆவி போகிற சின்னக் குழாயை ஊதிப் பார்த்தார். ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தோம், ஃபியூஸைப் பார்த்தோம். கிளாம்ப்புகளையும் பார்த்தோம். எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு இருந்தது, அதனால் அடுத்ததற்குப் போனோம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா, யாரோ கொடுத்த வாடகைக் கார்க்காரரின் நம்பரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

அப்பா எதிரில் நான் என் கணவரை எப்போதும் 'நீங்க' என்றுதான் சொல்வேன். அன்றைக்கு அது காற்றில் பறந்தது. "நல்லா இருந்த காரு. கல்யாண நேரத்துல உன்ன யாரு நோண்டச் சொன்னது?" என்றேன்.

"சத்தம் போடாதட்டி. பைப்புல எங்ஙனயோ காத்து புகுது. அதத்தான் தேடுதேன்."

"கிளாம்ப்ப சொல்லாத. எல்லாத்துலயும் நான் கோடு போட்டுக்கீறேன். என் கோடு வுழுந்த வண்டி ஒண்ணுகூட இதுவரிக்கும் ரிட்டன் வந்ததில்ல. இன்னா, நம்பிக்கை இல்லியா? இங்க பாரு" என்று கடைசி கிளாம்ப்புக்குப் பக்கத்தில் பைப்பைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினேன்.

பைப் என் கையோடு வந்துவிட்டது.

கிளாம்ப் வளையல் மாதிரி அதில் தொங்கியது. மஞ்சள் கோடு மட்டும் அழகாக, நேராக இருந்தது.

"நீ முடுக்கினதத்தான நான் கோடு போட்டேன்?"

"நான் எங்க முடுக்குனேன்? அம்மா போன் வந்துச்சுல்லா. திரும்பி வந்தா கோடு கெடந்துச்சு. சரி, நீயே முடுக்கிட்டேன்னு நெனச்சேன்."

"அப்ப ஸ்பேனர எதுக்குக் கொக்கில மாட்டுன?"

"பின்ன, வாயிலயா கவ்விட்டுப் போகச் சொல்லுத?"

அவர் அதற்குள் டர்போவின் வாயில் விரலை விட்டுத் துடைத்து, விரலைப் பார்த்து மூச்சு விட்டார். தூசி போகவில்லை. அப்போதுதான் நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது. அப்பா எழுந்து பானெட் அருகில் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இத்தினூண்டு வளையம் லூசா இருந்ததுக்கா வண்டி பட்த்துக்கிச்சு?" என்று பொதுவாகக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பதில் சொன்னார். பயந்துகொண்டேதான் சொன்னார். "மாமா, முன்வாசல்ல இந்த சென்சார் நிக்கி. உள்ள போற காத்த எண்ணி கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இந்த வளையம் கழண்டதுனால, பின்வாசல் வழியா டிக்கெட் எடுக்காம கொஞ்சம் காத்து ஏறிட்டு. கணக்கு ஒதைக்கி. அதான் கம்ப்யூட்டர் வண்டிய மெதுவாக்கிட்டு."

அப்பா பைப்பைப் பார்த்தார், சென்சாரைப் பார்த்தார், மறுபடி பைப்பைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அப்பா சிரிப்பதே அபூர்வம், அதுவும் இவர் சொன்னதற்கு.

"அப்ப செக்கர் ஏறிட்டான்னு சொல்லு" என்றார். என்னிடம் அல்ல. இவருடைய முகத்தைப் பார்த்து.

"ஆமா மாமா. செக்கர்தான்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "துட்டு வாங்காமலே டிக்கெட்டக் கிழிச்சுக் குட்த்துட்டு, மாப்ளய இன்னாத்துக்குத் திட்டினுகீற நீ?"

இன்றைக்கும் நான் சொல்வேன், தப்பு ஸ்பேனரைக் கொக்கியில் மாட்டினவருடையது. ஆனால் அன்றைக்கு நான் வாதாடவில்லை. என்னைப் பெற்றவர் என்னை விட்டுவிட்டு மாப்பிள்ளை பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார். அந்த வழக்கில் தோற்றதுபோல் வாழ்க்கையில் எதிலும் ஜெயித்ததில்லை என்று எனக்குத் தோன்றியது.

இந்த முறை அவர் முடுக்கி, "முடுக்கியாச்சு" என்று வாய்விட்டுச் சொன்னார். நானும் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கோடு போட்டேன். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியதும் ஆரஞ்சு விளக்கு அணைந்தது. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர் சாவியை எடுத்தபோது, அப்பா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்" என்றார் அப்பா.

போனவர்கள் வரவேயில்லை. முதலில் எங்கேயோ நின்றுவிட்டதோ என்று பயந்தேன். பிறகு இரண்டு பேரும் என்ன பேசுவார்கள் என்று பயந்தேன். நன்றாக வெயில் தாழ்ந்த பிறகு தெருமுனையில் 'உஸ்ஸ்' கேட்டது, தும்மல் கேட்டது. காரின் முன்பக்கம் ரோஜாவும் சம்பங்கியுமாக மாதிரிக்கு ஒரு மாலை தொங்கியது. தண்டலம் வரைக்கும் போய் அளவு கொடுத்துவிட்டு, வழியில் டீயும் வடையும் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். எனக்கென்று ஒரு வடை பொட்டலத்தில் இருந்தது.

அப்பா இறங்கி வேட்டியை உதறிக்கொண்டு என்னிடம் சொன்னார், "நாளைக்கு மாப்ளயே ஓட்டட்டும். நீ பின்னால தம்பி பக்கத்துல ஒக்காந்துக்க."

அது என் கார். என் பேரில்தான் இருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தவள், கையிலிருந்த வடையைக் கடித்துக்கொண்டேன்.

"காலைல சீக்கிரமே வந்துடுப்பா" என்று அப்பா இவரிடம் சொன்னார்.

"சரி மாமா" என்றார். பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்துகொண்டார். சரிபார்க்க அங்கே எதுவும் பாக்கி இல்லை. நான் அப்பாவுக்குக் காபி போட்டுக் கொடுத்து, அப்பா அதைக் குடித்து முடிக்கிற வரைக்கும் இவர் தலையை வெளியே எடுக்கவில்லை.