கூட்டத்துக்கு முதலில் போனது நான்

என் புருஷன் செத்துப்போக வேண்டும் என்று நான் மாரியம்மனிடம் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் உங்கள் முன்னால் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால், அம்மன் எனக்குச் செய்ததில் பாதியை மறைத்ததாகிவிடும்.

நான் றொசல்லைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். என் புருஷன் செல்வராஜ் அங்கேயே செடிகளின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். கல்யாணமான புதிதில் சம்பள நாளில் மட்டும் குடிப்பார். பிறகு குளிருக்கு என்றார், உடம்பு வலிக்கு என்றார். கடைசியில் காரணமே சொல்லாமல் குடித்தார். விடிந்தால் கை நடுங்கும், கத்தியைப் பிடிக்க முடியாது. காலையில் எல்லாரும் வேலைக்குக் கூடும் பெரட்டில் பேர் கொடுக்கும்போது, "அவருக்குக் காய்ச்சலுங்க ஐயா" என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் நான்தான் பொய் சொல்வேன்.

போன வருஷம் ஆடி மாதம் எங்கள் மகள் கவிதாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்தார்கள். அங்கே அவர் குடித்துவிட்டு வந்து மேடைக்கு முன்னால் விழுந்தார். மகள் அழவில்லை. "அது எங்க அப்பா இல்ல" என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னாள். என் காதில் விழுந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயிலில் விளக்கு ஏற்றிவிட்டு, "தாயே, என்னால முடியல. இவர எடுத்துக்க" என்றேன். வாய் தவறிச் சொன்னதில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

அடுத்த கிழமை பெருமழை. சாராயத் தவறணையிலிருந்து வரும் வழியில் அவர் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து கிடந்தார். முகம் பாதி தண்ணீரில். பார்த்த பெண்கள் கத்த, நானும் ஓடினேன். அப்போது என் மனதில் முதலில் வந்தது பயம் இல்லை. 'கேட்டது கிடைத்துவிட்டது' என்பதுதான். அந்த நொடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஆஸ்பத்திரியில் அவர் நினைவில்லாமல் கிடந்தார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நான் கேட்டது வேணாம் தாயே. இவர விட்டுட்டு குடிய மட்டும் எடுத்துக்க." வேறு ஒன்றும் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அவர் பிழைத்தார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு சிங்கள நர்ஸ் அம்மா அரைகுறைத் தமிழில் சொன்னார். "மருந்து மட்டும் போதாது. ஹட்டன்ல ஞாயிறு கூட்டம் இருக்கு. எல்லாம் குடிய விட்ட ஆளுங்க. அங்க போங்க."

இவர் கேட்கவில்லை. "நான் என்ன குடிகாரனா? ஊரு சிரிக்கவா?" என்றார். வந்த வாரமே மறுபடி தவறணை.

அதனால் நானே போனேன். ஒரு கடைக்கு மேலே சின்ன அறை. சுற்றி ஆம்பிளைகள். வாசலிலேயே நின்றுவிட்டேன். கூட்டத்தை நடத்தும் ராமையா அண்ணன் முன்பு லொறி ஓட்டியவர். "உள்ள வா தங்கச்சி. வீட்டு ஆளுங்களும் வரலாம்" என்று பிளேன்டீ கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மனிடம் கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

"அவருக்காக நீ பொய் சொல்றத மொதல்ல விடு" என்றார் அவர். விட்டேன். அடுத்த முறை கண்டாக்கையா கேட்டபோது, "குடிச்சிட்டுப் படுத்திருக்காருங்க" என்றேன். பெரட்டுக்களமே திரும்பிப் பார்த்தது. அந்த ஞாயிறு இவர் கோபத்தோடு பஸ் ஏறி என் பின்னாலேயே ஹட்டனுக்கு வந்துவிட்டார்.

"எந்திரிடி! வீட்டுக்கு நட!"

யாரும் சண்டைக்கு வரவில்லை. ராமையா அண்ணன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "உக்காருங்க தம்பி. டீயக் குடிச்சிட்டுக் கூட்டிக்கிட்டுப் போங்க." இவர் கை நடுக்கத்தில் டீ சட்டையெல்லாம் கொட்டியது. எதிரே இருந்தவர், "எனக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு. புள்ளயத் தூக்கப் பயந்தேன்" என்றார். இவர் தலை குனிந்தது. கூட்டம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு கிளினிக்கில் மருந்தும் எடுத்தார், ஞாயிறு தவறாமல் என்னோடு வந்தார். தீபாவளிக்கு ஒரு தடவை மறுபடி குடித்தார். அடுத்த கூட்டத்தில் தானே எழுந்து அதைச் சொல்லி அழுதார்.

அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு மேடு ஏறும்போது, இனி மறைக்க முடியாது என்று தோன்றியது. அம்மனிடம் நான் கேட்டதைச் சொன்னேன். அடிப்பார், இல்லையென்றால் விட்டுப் போய்விடுவார் என்றே நினைத்தேன். அவர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

"நானும் அதத்தான் புள்ள அவகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

ரோட்டு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேரும் ஒரே சாவைக் கேட்டிருக்கிறோம். தாய் அதை இரண்டு பேருக்கும் கொடுக்கவில்லை. அதற்குத்தான் நான் தினமும் நன்றி சொல்கிறேன்.

இப்போது அவர் கை நடுங்குவதில்லை. வேலைக்குப் போகிறார். மகள் இன்னும் அவரோடு அளவாகத்தான் பேசுகிறாள். என்னோடும் அப்படித்தான். அவளை அந்த வீட்டில் அத்தனை வருஷம் வைத்திருந்தவள் நானும்தானே. அதற்கும் தாயிடம்தான் பொறுமை கேட்கிறேன்.

உங்களில் யாராவது நான் கேட்ட அதே வேண்டுதலை மனசுக்குள் வைத்துக்கொண்டு விளக்கு ஏற்றுகிறீர்களா? அம்மனுக்குத் தெரியும், பயப்படாதீர்கள். வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றால் விடுங்கள், நீங்கள் வாருங்கள். ஞாயிறு பஸ்ஸில் உங்களுக்கு என் பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறேன்.