ரத்தினபாய் கேட்கப் பயந்த கேள்வி

முடிச்சூரில் எங்கள் மாடியில் குடியிருப்பவள் ரத்தினபாய். நர்ஸ். நசுங்கிய விரல்களுக்குக் கட்டுப் போட்டே பாதி ஆயுளைக் கழித்தவள். நாற்பது வயதில் எம்.எஸ்சி. படிக்கக் கிளம்பியபோது, "உனக்கு எதுக்குடி இந்த வேண்டாத வேலை?" என்று நான் திட்டாத நாளில்லை. கேட்டால்தானே! பிடித்தால் உடும்புப் பிடி.

'தொழிற்சாலையும் உடல்நலமும்' என்று ஆராய்ச்சிக்குத் தலைப்பு கொண்டுபோனாள். வழிகாட்டி வேதசிரோமணி சார் சிரித்தாராம்.

"இது கேள்வி இல்லம்மா, கடல். யாருக்கு, எதனால, என்ன ஆகுது? அதைச் சொல்லுங்க."

சுருக்கினாள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர்கள் அத்தனை இரைச்சலிலும் ஏன் காதில் இயர் பிளக் வைப்பதில்லை? அவள் கணவர் எட்மண்டுக்கும் அதே வேலைதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவரையே கேட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"காதை அடைச்சுகினா மெஷின் எப்டி கேக்கும்?" என்றார் எட்மண்ட். "கிளட்ச் மக்கர் பண்ணா, பெடல மிதிக்காமலே மேல இருக்கற அச்சு கை மேல இறங்கும். அதுக்கு முன்னாடி 'டக்'னு ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுத்தான் கையை இழுப்போம்."

ரத்தினபாய் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "அப்போ, காது மந்தமானவங்க?" என்றாள் மெதுவாக.

எட்மண்ட் ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அதையே சாரிடம் சொன்னாள். காது மந்தமான பிரஸ் ஆபரேட்டர்களுக்கு, நன்றாகக் கேட்கிறவர்களைவிடக் கைக்காயம் அதிகமா? சார் மேசையைத் தட்டி, "இதுதாம்மா கேள்வி!" என்றாராம்.

"சாரு சந்தோஷப்படறாருக்கா. எனக்கு எங்க வீட்டுக்காரர நெனச்சாத்தான் பயம். காது டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டா, 'தெரிஞ்சா வேலைய வுட்டுத் தூக்கிடுவான்'னு வர மாட்டேங்கறாரு" என்று அழுதாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போடி!" என்றேன். ஆனாலும் மனசு கேட்காமல் அவளோடு மாடி ஏறினேன்.

இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்ப, எட்மண்ட் வாசலில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். ரத்தினபாய் ஓசைப்படாமல் அவர் பின்னால் போய் நின்று, கையிலிருந்த கரண்டியால் கதவு நிலையைத் தட்டினாள். டக்.

நான் திடுக்கிட்டேன். அவர் லேஸை இழுத்து முடிச்சுப் போட்டார்.

இன்னொரு முறை தட்டினாள். எட்மண்ட் அடுத்த ஷூவை எடுத்தார். ஐயோ ஆண்டவரே!

ரத்தினபாய் கரண்டியைப் போட்டுவிட்டு, முன்னால் ஓடிப்போய் அவருடைய இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி, ஷிஃப்டுக்கு டைமாவுது. கைய வுடு" என்றார் எட்மண்ட்.

அவள் விடவில்லை.