டவருக்கு எதிரே ஒரு தூளி

போன சனிக்கிழமை ஃபேன் ரிப்பேருக்கு எலெக்ட்ரீஷியன் வந்தார். மாடி அறையில் ஏணியைப் போட்டு ஏறியவர், ஃபேனை விட்டுவிட்டு நாலடி தள்ளி இருந்த கொக்கியைப் பார்த்தார்.

"புச்சா கீதேம்மா… சும்மாதானே கீது? கழட்டிடவா?"

"வேண்டாம்… இருக்கட்டும்!" என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. மனிதர் அதற்கப்புறம் ஃபேனைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் மேல் என்ன தப்பு? அது தூளி கட்டுவதற்கென்று நான் ஆசை ஆசையாகப் போடவைத்த கொக்கி. என் மகள் நித்யாவின் தலைப்பிரசவத்துக்காக. ஆனால் என் பேரன் அதில் ஒரு நாள்கூடத் தூங்கவில்லை.

காரணம்? எதிர் வீட்டு மொட்டைமாடியில் நிற்கும் டவர்!

சென்னையை ஒட்டிய நூம்பலில் எங்கள் தெரு இரண்டு விதமான ஆட்களால் ஆனது. எங்களைப் போல வெளியூரிலிருந்து வந்து மனை வாங்கிக் கட்டியவர்கள். அந்த மனைகள் எல்லாம் வயலாக இருந்தபோது அதில் நெல் போட்டவர்கள். எதிர் வீட்டுக் கன்னியப்பன் அண்ணன் இரண்டாவது வகை. இப்போது தண்ணீர் லாரி வைத்திருக்கிறார். போன வருஷம் அவருடைய மொட்டைமாடியில் புது நெட்வொர்க்குக்கு டவர் நிறுத்தினார்கள்.

தெருவே கொந்தளித்தது. குருவியெல்லாம் செத்துப்போகும் என்றார் ஒருவர். தலைமுடி கொட்டும் என்றார் இன்னொருவர் — அவருக்கு டவர் வருவதற்கு முன்பே கொட்டியாகிவிட்டது, அது வேறு விஷயம். குழந்தைகளின் எதிர்காலம் என்னாவது என்று கூட்டம் போட்டார்கள். கூட்டம் முடிந்ததும், "போட்டோ அனுப்பினேனே, வரலையா? நம்ம ஏரியாவுல சிக்னலே சரியில்ல சார்" என்று அலுத்துக்கொண்டதும் இதே ஆட்கள்தான்.

நான் சிரித்தேன். இந்தப் பத்தியிலேயே ஒரு வாரம் கிண்டல் செய்து எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாக நீங்களும் எழுதியிருந்தீர்கள்.

இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நித்யா இருப்பது சேலத்தில், மாமியார் வீட்டில். போன வருஷம் அவளுக்கு ஒரு கரு தங்காமல் போனது. அந்த நாட்களைப் பற்றி நான் இங்கே எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன். அதனால் மறுபடி நாள் தள்ளிப்போனபோது வாய்விட்டுச் சந்தோஷப்படக்கூட எங்களுக்குப் பயம். வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிடுவது என்று பேச்சு. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே? கொக்கி போட்டேன். என்னுடைய பழைய காட்டன் புடவைகளில் நன்றாக நைந்து மெத்தென்று இருந்த ஒன்றைத் தேடி எடுத்து, துவைத்து மடித்து வைத்தேன்.

வளைகாப்புக்கு நாள் குறிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வந்தார். நல்ல மனுஷி. கரு கலைந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைவிட அதிகமாக அழுதவர். மாடி அறையைக் காட்டினேன். கொக்கியைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. காற்று வரட்டுமே என்று ஜன்னலைத் திறந்தார்.

நேர் எதிரே டவர்.

"சம்பந்தியம்மா… இது என்னங்க?"

"டவருங்க. அது பாட்டுக்கு இருக்கு. ஒண்ணும் பண்ணாது."

"ஒண்ணும் பண்ணாதுன்னு யாருங்க சொன்னாங்க?"

யார் சொன்னார்கள்? யோசித்துப் பார்த்தேன். ஒருத்தரும் சொல்லவில்லை. டவர் நிறுத்த வந்தவர்கள் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டி, இதனால் இன்னது ஆகும், இன்னது ஆகாது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அங்கே இங்கே படித்ததை வைத்துத் தைரியமாக இருந்தேன். சம்பந்தியம்மா அங்கே இங்கே கேட்டதை வைத்துப் பயந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். கொடுத்த காபியில் பாதியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

மறுநாள் காலை கன்னியப்பன் அண்ணனிடம் போய் நின்றேன். "அண்ணே, என் பொண்ணுக்குப் பிரசவம் ஆகி அவ கிளம்பற வரைக்குமாவது இதை ஆஃப் பண்ணி வைக்க முடியுமா?" என்னவோ தண்ணீர் மோட்டாரை ஆஃப் பண்ணச் சொல்வது போலக் கேட்டேன் பாருங்கள்!

அவர் கோபப்படவில்லை. "தெருவுல அல்லாரும் கத்துறாங்களேன்னு நானே கேட்டுப் பாத்துட்டேம்மா. அக்ரிமென்ட்டு போட்டாச்சு, எடுக்க முடியாதுன்ட்டாங்க" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஏம்மா… எங்கூட்டுக் கொயந்தையும் இதுக்குக் கீயதானே கீது? அத்தப் பத்தி ஒருத்தராச்சும் வந்து கேட்டீங்களா?"

உள்ளே அவருடைய மருமகள் ரேவதி, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். டவர் ஏறியபோது அவள் வயிற்றில் இருந்த குழந்தை. குழந்தைகளுக்காகக் கூட்டம் போட்ட தெருவில் யாருக்கும் இந்தக் குழந்தையின் நினைப்பு வரவில்லை. சிரித்துக்கொண்டு நின்ற எனக்கும் வரவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

வந்தவள் சும்மா இருந்தேனா? நிரூபித்தே காட்டுகிறேன் என்று கிளம்பினேன். என் கணவருடைய நண்பரின் மருமகன் பிரபு, டவர்களின் கதிர்வீச்சை அளக்கும் வேலையில் இருக்கும் இன்ஜினீயர். கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தேன். ஜன்னலோரம், கட்டில், கொக்கிக்கு நேர் கீழே என்று எல்லா இடத்திலும் மீட்டரை வைத்து அளந்தார். நான் என் கணவரின் போனை வாங்கி வீடியோ எடுத்தேன்.

"அனுமதிச்ச அளவுக்கு ரொம்பக் கீழதான் இருக்கு, ஆன்ட்டி" என்றார் பிரபு.

அந்த நேரம் பார்த்து, மீட்டருக்குப் பக்கத்தில் கிடந்த என்னுடைய போன் அடித்தது. மீட்டரில் நம்பர் சடாரென்று ஏறியது.

"பாத்தீங்களா? எதிர்த்தாப்ல இருக்கிற டவரைவிடப் பக்கத்துல இருக்கிற உங்க போன்தான் அதிகம் காட்டுது. இதுவும் அளவுக்குள்ளதான். பயப்பட ஒண்ணுமில்ல."

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சம்பந்தியம்மா மடியில் போனை வைத்துக்கொண்டு நாள் முழுக்க சீரியல் பார்ப்பவர். அவர் போய் டவருக்குப் பயப்படலாமா? வீடியோவை அப்படியே குடும்ப குரூப்பில் போட்டேன். ஜெயித்துவிட்ட மிதப்பில் மதியம் நன்றாக ஒரு தூக்கமும் போட்டேன்.

சாயங்காலம் சம்பந்தியம்மாவிடமிருந்து போன்.

"நம்பர் ஏறுச்சேங்க… அந்த ரூம்லதானே ஏறுச்சு?"

"ஐயோ, அது என் போனுங்க…"

"எதுவோ ஒண்ணு. அளவுக்குள்ள இருக்குன்னுதான் அந்தத் தம்பியே சொல்றாரு. அப்ப கொஞ்சமாவது இருக்குல்லங்க? தப்பா எடுத்துக்காதீங்க. ஒருக்கா பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கோம். ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க கேரன்டி குடுப்பீங்களா?"

கேரன்டி! மிக்சிக்குக் கொடுக்கலாம், கிரைண்டருக்குக் கொடுக்கலாம். பிரசவத்துக்கு யாரால் கொடுக்க முடியும்? டவரே இல்லாத ஊரில்கூட முடியாது. ஆனால் "முடியாது" என்று நான் சொன்னால் அதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார்? பேச்சை மாற்றிப் போனை வைத்தேன்.

நித்யாவாவது அடம்பிடிப்பாள் என்று நம்பினேன். ஐடியில் வேலை, விடிந்தால் லேப்டாப்பும் வைஃபையும்தான். அன்று இரவு அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, எனக்கு அந்தப் பயமெல்லாம் இல்ல. ஆனா அங்க வந்து ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா… உன்னாலதான்னு ஆயுசுக்கும் சொல்லுவாங்கம்மா. அவங்க சொன்னாக்கூடப் பரவால்ல. நானே சொல்லிட்டா?"



பேரன் சேலத்தில் பிறந்தான். சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம். நானும் போயிருந்தேன்… விருந்தாளியாக. பத்தியச் சாப்பாடு அவர்களே சமைத்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்ட ஆள் வைத்திருந்தார்கள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கொடுத்தபோது வாங்கிக்கொண்டு, கேட்டபோது திருப்பிக் கொடுத்தேன். இங்கே இவரை எத்தனை நாள் தனியாக விட முடியும்? திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தெரு பயந்தபோது கிண்டல் செய்தேன். சம்பந்தியம்மா பயந்தபோது மீட்டரைக் காட்டி ஜெயிக்கப் பார்த்தேன். நம்பரைக் காட்டினால் பயம் போய்விடுமா? பஸ் ஏறி சேலம் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் பயமாத்தாங்க இருக்கு… டவரை நினைச்சு இல்ல, போன தடவையை நினைச்சு" என்று உள்ளதைச் சொல்லியிருந்தால்… மகளை அனுப்பியிருப்பாரோ என்னவோ. சொல்லத் தோன்றவில்லையே எனக்கு!

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். எலெக்ட்ரீஷியன் போன கொஞ்ச நேரத்தில் ரேவதி குழந்தையோடு வந்தாள்.

"ஊட்ல பெயின்ட் அடிக்கிறாங்க ஆன்ட்டி, ஒரே நாத்தம். தூங்காம அழுதுகினே கீறா. செத்த நேரம் இங்க போட்டுக்கவா?"

மடித்து வைத்திருந்த புடவையை எடுத்தேன். கொக்கியில் கட்டினேன். நாலு ஆட்டு ஆட்டுவதற்குள் குழந்தை தூங்கிவிட்டாள்.

அப்போதுதான் சேலத்திலிருந்து வீடியோ கால். தினமும் சாயங்காலம் சம்பந்தியம்மா மறக்காமல் பேரனைக் காட்டிவிடுவார். எதிர் வீட்டு டவர் புண்ணியத்தில் படம் அவ்வளவு தெளிவு… அவன் இமை முடியைக்கூட எண்ணலாம். தொடத்தான் முடியாது.

"சம்பந்தியம்மா, பின்னாடி தூளி ஆடுதே… யார் வீட்டுக் குழந்தைங்க?"

போனைத் தூளிப் பக்கம் திருப்பினேன். கொழுகொழுவென்று, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எதிர் வீட்டுக் குழந்தைங்க. டவருக்குக் கீழேயே வளர்றா."

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, சத்தியமாக. கேட்டார், சொன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

இல்லை… ஃபுல்லாக இருந்தது.